'ஏதோ தவறு' என்று எழுதிய மகராசனுக்கு

இன்னும் கோபம் அடங்கவில்லை.

காலையில் தென்காசியில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஒரு காதுகுத்து பேனர் ஆர்டர் வந்தது. பிள்ளையின் அப்பாவும் தாய்மாமனும் கடையத்திலிருந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். கம்ப்யூட்டரில் நாற்பது சொந்தக்காரர்களின் முகங்களை வைத்து முடித்தேன். கடைசியாக, எல்லோரையும்விடப் பெரிதாகத் தாய்மாமன் படத்தை வைத்தேன்.

திரை அப்படியே நின்றுவிட்டது. நல்ல தமிழில் ஒரு பெட்டி வந்தது: "ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது."

தாய்மாமன் அதைச் சத்தமாக வாசித்தார்.

"ஏன் அத்தான், இத்தன பேரு வந்தப்ப ஒண்ணும் ஆவல. என் படம் வந்தாத்தான் தவறாப் போவுதோ?"

"அது கம்ப்யூட்டர் சொல்லுது அண்ணாச்சி" என்றேன்.

பிள்ளையின் அப்பா சும்மா இருந்திருக்கலாம். "மச்சான் படத்த மட்டும் எடுத்துட்டு, ஓடுதான்னு பாருங்களேன்" என்றார்.

எடுத்தேன். ஓடியது.

தாய்மாமன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். கிராஃபிக்ஸ் கார்டில் மெமரி நிறைந்துவிட்டது. எல்லாப் படங்களின் அளவையும் குறைத்ததும் மாமனும் பேனரில் அழகாக வந்து உட்கார்ந்தார். "கிராஃபிக்ஸ் மெமரி போதவில்லை, படங்களின் அளவைக் குறையுங்கள்" என்று எழுத என்ன கேடு? காரணம் அந்த சாஃப்ட்வேருக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே ஏதோ ஒரு ஃபைலில் எழுதியும் வைத்திருக்கிறது. என்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. மாமன் போனை எடுக்கவில்லை.

அந்த 'ஏதோ'வை எழுதிய மகராசன் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள். பிள்ளையை அவர் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும்.