கத்திக்கு ஏற்ற வளைவு

பூங்காவனம் அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது வரக்காப்பொலையில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். அப்படியே இழுத்து மூடிவிட்டுப் புறப்பட்டேன். கடை வைக்கும் முன் அவருக்கு அடுத்த வரிசை மரங்களில் ரப்பர் பால் வெட்டியவன் நான்.

அவர் விழுந்த நாள் தோட்டத்தில் பலருக்கும் நினைவிருக்கும். ஈரச் சரிவில் வழுக்கியபோதும் வாளியை விடவில்லை. வாளிப்பிடி வலது கட்டைவிரலை வெளிப்பக்கமாகப் பிரித்துவிட்டது. பால் சிந்தவில்லை. "ஆளுன்னா இவதான்டா ஆளு!" என்று கங்காணி மெச்சினார். விரலை ஒருவரும் பார்க்கவில்லை.

சுளுக்குத்தான் என்று சொல்லி, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வெதமாத்தயாவிடம் கூட்டிப்போனவன் நான். அவர் எண்ணெய் தடவிக் கட்டினார். உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்து கிடந்தது. வேலைக்குப் போகாவிட்டால் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அக்கா கட்டோடு பத்து மாதம் வெட்டினார்.

கடைசியில் பெரியாஸ்பத்திரி. "அன்றே வந்திருந்தால் நாரைத் தைத்திருப்பேன். இப்போது மூட்டே தேய்ந்துவிட்டது. எலும்பு இரண்டையும் சேர்த்துப் பூட்டத்தான் முடியும். வலி போகும். மூட்டு இனி மடங்காது, நிமிராது" என்றார் டொக்டர், சிங்களத்தில்.

அக்காவும் நன்றாகச் சிங்களம் பேசுவார். அன்று அது வாயில் வரவில்லை. பையிலிருந்து பால் வெட்டும் கத்தியை எடுத்ததும் நர்ஸ் பதறிப் பின்வாங்கினார்.

"பூட்டத்தான் போறாங்கன்னா, இந்தக் கத்திய புடிக்கிற வளைவுல பூட்டச் சொல்லுங்க தம்பி."

சொன்னேன். டொக்டர் கத்தியைப் பிடிக்கவைத்துப் பார்த்து, அந்த வளைவிலேயே கம்பி வைத்துப் பூட்டினார். மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்டது: "என்னா தம்பி, ஒங்க வெதமாத்தயாவுக்கு வெத்தில வச்சி கும்புட்டுட்டு வருவமா?"

விரல் ஆறி அவர் வேலைக்குத் திரும்பிய மாதமே நாங்கள் பால் வெட்டிய மலையின் மரங்களைத் தோட்ட நிர்வாகம் அடியோடு வெட்டி விற்றது. பிறகு அவர் பால் வெட்டவே இல்லை. அந்த விரலால் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை, மகள்தான் போட்டுவிடுவாள்.

சாவு வீட்டில் இரு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டும்போது துணி நழுவிக்கொண்டே இருந்தது. ஒருவர் விரலை அழுத்தி நிமிர்த்தப் பார்த்தார்.

"விடுங்க. அது நிமிராது. அவங்க கேட்டு வாங்குனது" என்றேன். கட்டாமலே கொண்டுபோனோம்.

நான் பேரம் பேசிப் பிழைப்பவன். எல்லாம் கைவிட்டுப் போன இடத்தில் நின்று தனக்கு வேண்டியதை அளவோடு கேட்ட ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த வளைவைக் கேட்ட ஒரு வாக்கியம். அதை டொக்டரிடம் சொன்ன வாயும் என்னுடையதுதான்.