பூச்சி இல்லாத புல்

அக்காவின் பசு செத்த மறுநாள், அதைக் கொன்ற பூச்சியைத் தேடிக்கொண்டு நான் மலைச்சரிவில் ஏறினேன். கோபம் வந்தால் சும்மா உட்கார எனக்குத் தெரியாது.

வெலிமடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அக்கா கொழுந்து பறிக்கிறாள். அத்தான் இறந்தபின் அவளுக்குத் துணை அந்தப் பசுவும் அதன் கன்றும்தான். வேலை விட்டு வந்ததும், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால் போய் ஒரு கட்டுப் புல் அறுப்பாள். அங்கே புற்கதிர்களில் ஒல்லியான பச்சைப்பூச்சி ஒன்று இருக்கும். அது மாட்டு வயிற்றுக்குள் போனால் விஷம் என்று லயமே நம்பியது. அக்கா ஒவ்வொரு பிடியையும் உதறித்தான் கட்டுவாள். அப்படியும் பசு நுரை தள்ளி, உடம்பெல்லாம் நடுங்கிச் சாய்ந்துவிட்டது.

பூச்சிக்குப் பஞ்சமில்லை. கிட்டப் போனால் தண்டின் மறுபக்கம் நழுவி ஒளிந்துகொண்டது. ஒன்றைப் பிடித்துப் புரட்டினேன். உடம்பு நீளத்துக்கு மீசை. கடிக்கப் பல் இல்லை. ஊசி மாதிரி ஒரு வாய் வயிற்றோடு மடிந்திருந்தது. படம் எடுத்து, பதுளையில் விவசாயப் போதனாசிரியராக இருக்கும் நண்பருக்கு அனுப்பினேன்.

புல்லின் சாற்றை உறிஞ்சுகிற சாதாரணப் பூச்சி, மாட்டை ஒன்றும் செய்யாது என்றார். புல்லை எங்கே அறுத்தார்கள் என்று விசாரிக்கச் சொன்னார்.

அக்காவிடம் கேட்டேன்.

"இங்க பூச்சியா இருந்துச்சுன்னு கீழ கெழங்குத் தோட்டத்து வரப்புக்குப் போனேன்டா. அங்க ஒரு பூச்சி கூட இல்ல."

கீழே இறங்கிப்போய் விசாரித்தேன். அவள் புல் அறுத்ததற்கு முதல்நாள்தான் கிழங்குக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். பூச்சி செத்த புல்லைத்தான் அவள் நல்ல புல் என்று தேடிப்பிடித்து அறுத்திருக்கிறாள்.

பழி பூச்சி மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும், சொல்லவே கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் கன்று பசியில் கத்தியது. அக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த வரப்புக்கே கிளம்பினாள். வழியை மறித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. அரிவாளை என் கையில் திணித்தாள்.

"இனிமே நீயே அறுத்துப் போடு. என் கையால வேணாம்."