வைட்டமின் இல்லாத பிளேட்டில் வளர்ந்த பூஞ்சை

லேபில் நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த ஆவி... வெந்த பருப்பும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாடை. தர்மபுரியில் எம்.எஸ்சி. படித்த நாட்கள் என்றாலே எனக்கு முதலில் அதுதான் மூக்கில் ஏறுகிறது.

அப்பா பென்னாகரம் ரூட்டில் பஸ் டிரைவர். நாள் முழுக்க வியர்வையில் உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் பூஞ்சை. களிம்பு போட்டால் பத்து நாள் அடங்கும், திரும்ப வரும். என் புராஜெக்ட் பூஞ்சையைப் பற்றி என்று தெரிந்ததிலிருந்து வாராவாரம் ஒரே கேள்வி.

"ஏம்மா, மருந்து கண்டுபுடிச்சிட்டீங்களா?"

நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்குவேன். நமக்கு வைட்டமின் பி2 சாப்பாட்டில் வருகிறது. பூஞ்சை அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்பை நிறுத்தினால் பூஞ்சை சாகும், நமக்கு ஒன்றும் ஆகாது...

அதைச் சோதிக்க, பி2 தயாரிக்க முடியாத ஒரு பூஞ்சையை புராஜெக்ட் கைடு கொடுத்தார். வைட்டமின் இல்லாத பிளேட்டில் அது வளரவே கூடாது.

வளர்ந்தது. ஜம்மென்று வளர்ந்தது!

மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அப்படியே. அப்பாவிடம் அளந்ததெல்லாம் பொய்யா?

நாலாவது தடவை, பிளேட்டில் ஊற்றும் பூஞ்சை உணவான மீடியாவைக் கலக்கும் லேப் அட்டெண்டர் அண்ணன் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் ஒரு ஸ்பூன் எதையோ போட்டார்.

"அண்ணா, என்னதுங்க அது?"

"ஈஸ்ட் பவுடரும்மா. நீ சீட்டுல எழுத மறந்துட்ட போல. வெறும் உப்பும் சக்கரையும் போட்டா என்னத்த வளரும், பாவம்? நாந்தான் ஒவ்வொரு தடவையும் சேத்து வுடறன்."

ஈஸ்ட் பவுடர் முழுக்க பி வைட்டமின்! சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

அது இல்லாமல் செய்தபோது பிளேட் காலி. ஓடிப்போய் போன் போட்டேன். "இந்தத் தடவ வளரலீங்கப்பா!"

"அப்ப எனக்கு எப்பம்மா வரும்?"

நம் உடம்பிலேயே பி2 இருக்கிறதே, பூஞ்சை அதை எடுத்துக்கொண்டால்...? கைடிடம் கேட்டேன். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு கிளாஸுக்குப் போய்விட்டார்.

இன்றைக்கு ஓசூரில் ஒரு மாத்திரை கம்பெனியில் வேலை. இதைப் பற்றி வந்த கட்டுரைகளையெல்லாம் போனிலேயே படிக்கிறேன். ஒன்று இந்த வழியில் மருந்து வரும் என்கிறது, ஒன்று வராது என்கிறது. அன்றைக்கு இருந்த குழப்பம் அப்படியே இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. அப்பா கேட்பதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன.

போன ஞாயிறு வந்திருந்தார். என் மகள் ஓடிப்போய், தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து, சட்டையை இடுப்புக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தாத்தாவுக்கு முதுகு வலிம்மா..."

அப்பாவுக்கு முதுகு வலியெல்லாம் கிடையாது.