ஐந்தாவது பொத்தான்

பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கையும் பேச்சும் போன பிறகு, எந்த டாக்டரும் எழுதித் தராத ஒரு வைத்தியத்தை நாங்களே கண்டுபிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் வாட்ச்மேனும் அவரை லிஃப்டில் இறக்கி, செம்பூரில் எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டி காம்பவுண்டில் நிற்கும் அவருடைய காரில், ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார வைப்போம். அந்தக் கார் என்னைவிட மூத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சொசைட்டி செக்ரெட்டரி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

உட்கார்ந்ததும் அப்பா இடது கையை நீட்டி ரேடியோவின் ஐந்தாவது பொத்தானை அழுத்துவார். வால்வு ரேடியோ. அது வாயை மூடி எத்தனையோ வருடமாகிறது. மறுபடி அழுத்துவார். பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் ரேடியோவைக் கழற்றினேன்.

மாட்டுங்காவில் ஒரு கடைக்காரர், உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ப்ளூடூத் வைத்துத் தருகிறேன் என்றார். பிடுங்காத குறையாகத் திரும்ப வாங்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். அங்கே திருநெல்வேலிக்காரர் ஒருவர் பழைய ரேடியோ ரிப்பேர் பார்க்கிறார். உல்லாஸ்நகர் வரை போய் வால்வு தேடினாராம். ஒருநாள் போன் வந்தது. “அண்ணாச்சி, ரேடியோ பாடுது. வந்து எடுத்துக்கிடுங்க.”

அந்த ஞாயிறு, ரேடியோவைக் காரில் திரும்ப மாட்டி, போட்டுவிட்டு வால்வு சூடாகக் காத்திருந்தோம். ஸ்டேஷன் காட்டும் முள்ளுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்ததும் அப்பாவின் வாயோரம் ஒரு பக்கமாகச் சிரித்தது. ஐந்தாவதை அழுத்தினார். ஒரு பெண் மராத்தியில் செய்தி வாசித்தாள். திரும்ப அழுத்தினார். அதே பெண். டாஷ்போர்டை ஓங்கி அறைந்துவிட்டு, திருடனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

திருநெல்வேலிக்காரரைப் போனில் பிடித்தேன்.

“அந்தப் பட்டன்ல பழைய இடத்துல ஒண்ணுமே கேக்கல அண்ணாச்சி, வெறும் இரைச்சல். அதான் அஞ்சையும் நல்லா கேக்குற ஸ்டேஷனா பாத்து வச்சு விட்டேன். நான் செஞ்சது தப்பா?”

“பழைய இடம் எதுன்னு ஞாபகம் இருக்கா?”

“அது எப்படி அண்ணாச்சி இருக்கும்?”

இந்த ரேடியோக்களில் அப்படித்தான். முள்ளை ஓரிடத்தில் நிறுத்தி, பொத்தானை வெளியே இழுத்து உள்ளே தள்ளினால் அந்த இடம் அதில் பதிந்துவிடும். மறுபடி இழுத்துத் தள்ளினால் பழையது போய்விடும். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? அந்த மனிதர் நல்லது நினைத்துத்தானே செய்தார்.

முள்ளை ஒரு கோடியிலிருந்து நகர்த்தினேன். இந்திப் பாட்டு வந்தது. “இதுவாப்பா?” தலையை ஆட்டினார், இல்லை. குஜராத்தி. இல்லை. விவசாயிகளுக்கு ஏதோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை. மறுகோடிக்குப் போய்த் திரும்பினேன். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த ஒரே ஆளால் அதைச் சொல்ல முடியவில்லை.

திடீரென்று அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வெறும் இரைச்சல்தான் வந்துகொண்டிருந்தது. அவருக்கு எங்கேயோ வலிக்கிறதோ என்று முள்ளை நகர்த்துவதை நிறுத்தினேன். கண்ணால் மறுபடி ரேடியோவைக் காட்டினார். முள்ளை நகர்த்தினால் பிடி இறுகியது, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் தளர்ந்தது. ஐந்தாவது பொத்தானை இழுத்து, தள்ளினேன்.

அவரே ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து அந்த இரைச்சலைக் கவனமாகக் கேட்க ஆரம்பித்தார்.

“இங்கே என்னப்பா வந்துச்சு?” என்று கேட்டேன்.

“ம்ம்” என்றார். நிறுத்தவில்லை. கையைத் தூக்கி, இறக்கி, நடுவில் ஒருமுறை சிரித்து, ம்ம் ம்ம் என்று வெகுநேரம் சொன்னார். கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, புரிந்ததா என்று என்னைப் பார்த்தார்.

புரிந்தது என்று தலையாட்டினேன்.