இரண்டாம் முறை நின்ற கடிகாரம்

குழந்தை பிறந்த பிறகு எனக்கு வந்த முதல் ரிவியூ அது. சென்னையில் வேலை பார்த்தபோது, ஓய்வு நேரங்களில் நிரலை எல்லோருக்கும் பொதுவில் திறந்து வைக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் குழுவுக்காக மற்றவர்கள் எழுதும் நிரலைச் சரிபார்த்துக் கொடுப்பேன். ஒரே கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல ஏற்பாடு செய்யும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள். உள்ளே ஓடும் ஒவ்வொரு கணினியும் தனக்கென்று ஒரு கடிகாரம் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கை கெடாமல் பார்த்துக்கொள்வது நான் படிக்கும் பகுதியின் வேலை.

கணவருக்குத் திருவாரூரில் வேலை கிடைத்ததும் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் அத்தை வீட்டுக்கே வந்துவிட்டோம். அதற்குப் பிறகு நான் நிரலைத் தொடவே இல்லை. இனித் தொட்டாலும் புரியுமா என்பது எனக்கே சந்தேகமாக இருந்தது. அப்போதுதான் குழுவிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. டைமரில் ஒரு திருத்தம், மாலைக்குள் சேர்த்துவிடப் போகிறோம், ஒருமுறை பார்க்க முடியுமா என்று. திருத்தத்தை எழுதியவர் வெளிநாட்டுக்காரர். அந்தப் பகுதியைப் பல வருடங்களாகக் கட்டிக் காப்பவர். நான் சரி என்றால் என் பெயர் அந்தத் திருத்தத்தின் அடியில் ஏறிவிடும். பிறகு யாராலும் அதை எடுக்க முடியாது.

படித்தேன். புரிந்தது! அந்தச் சந்தோஷத்தில் இட்லிக்கு ஊறவைத்த அரிசியை மறந்தே போனேன்.

உள்ளே ஓடும் கணினியில் பத்து நிமிட டைமர் ஒன்று வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம் ஓடியதும் அந்தக் கணினியை நிறுத்தி, பிறகு திரும்ப ஓடவிட்டால் மீதி ஆறு நிமிடம்தான் ஓட வேண்டும். பழைய நிரல் மறுபடி பத்திலிருந்து தொடங்கியது. புதிய திருத்தம் மீதியைக் கணக்கிட்டு அங்கிருந்து தொடங்கியது. என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. மறுபடி ஓட்டினேன். அப்போதும் சரி.

கணவருக்குப் போன் செய்தேன்.

"எல்லாம் சரியா இருக்குங்க. ஆனா ஓகே சொல்ல பயமா இருக்கு."

"சரியா இருந்தா என்ன பயம்?"

"நான் எதையாவது பாக்காம விட்டிருந்தா?"

"கேஸை மூடினியான்னு மூணு தடவை போய்ப் பாக்குற ஆளு நீ. நீயாவது விடுறதாவது. போட்டுவிடு."

போட்டுவிடத்தான் உட்கார்ந்தேன். கரண்ட் போனது. வைஃபையும் அதோடு போனது. தூளியில் குழந்தை சிணுங்கியது. ஆட்டிவிட்டுக்கொண்டே இருந்தபோது மின்விசிறி சுழலத் தொடங்கியது. மாவையாவது ஆட்டிவிடலாம் என்று ஓடிப்போய் கிரைண்டர் சுவிட்சில் கை வைத்தேன்.

"ஏய், இரு இரு!" அத்தை கொல்லைப்பக்கத்திலிருந்தே கத்தினார்கள். "என்னம்மா அவசரம்? நம்ம ஊரு கரண்ட்டு என்னைக்கு ஒரே தடவையில வந்திருக்கு? வந்து எட்டிப் பாத்துட்டு இன்னொரு தடவ போவும். அப்புறம்தான் நிக்கும்."

"அதெல்லாம் அந்தக் காலம் அத்தை."

சொல்லி வாய் மூடவில்லை. விசிறி நின்றது.

"எந்தக் காலம்?" என்றார்கள் அத்தை, முறத்தோடு உள்ளே வந்து. முகம் கொள்ளாத சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். அந்தத் திருத்தத்தை ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே ஒரு முறைதான் நிறுத்திப் பார்த்திருந்தோம். எழுதியவரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். வந்ததும் மறுபடி போனால்?

"அத்தை, புள்ளையப் பாத்துக்குங்க!"

"மாவு?"

"இதோ வந்துடுறேன்!"

மடிக்கணினியில் பேட்டரி இருந்தது. பத்து நிமிட டைமரை வைத்தேன். நான்கு நிமிடத்தில் நிறுத்தினேன், ஓடவிட்டேன். மீதி ஆறு. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி நிறுத்தினேன். மீதி நான்கு என்று வர வேண்டும்.

எட்டு என்று வந்தது.

முதலில் என் மேல்தான் சந்தேகம். சோதனையை நானே தப்பாக எழுதியிருப்பேனோ? அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். எட்டு. நிரலை வரிவரியாகப் பின்தொடர்ந்தேன். திரும்ப ஓடவிட்ட பிறகு ஓடிய நேரத்தை எப்போதும் பழைய பத்திலிருந்தே கழித்துக்கொண்டிருந்தது. முதல் நிறுத்தத்துக்குப் பிறகு அந்தப் பத்தை ஆறாக மாற்ற ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லை. அவ்வளவுதான்!

பதில் எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. 'மன்னிக்கவும், நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்' என்று தொடங்கி, 'ஒருவேளை' என்று நான்கைந்து இடத்தில் போட்டிருந்தேன். படித்துப் பார்த்தபோது குற்றம் செய்தவள் எழுதியதுபோல இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தேன். இரண்டு முறை நிறுத்தினால் மீதி தவறாக வருகிறது, சோதனையை இணைத்திருக்கிறேன், அந்த வரி இங்கே வர வேண்டும் என்று மட்டும் விட்டேன். போனிலிருந்து நெட்டை எடுத்து அனுப்பிவிட்டு, உடனே, 'ஒருவேளை'களில் ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாமோ என்று தவித்தேன்.

கரண்ட் வந்து நிலைத்தது. அரிசியை கிரைண்டரில் போட்டேன். மாவைத் தள்ளிவிடுவதும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"யாருகிட்டேர்ந்து அப்புடி எதிர்பாக்குற?"

"என்னைவிடப் பெரிய ஆளு ஒருத்தர் எழுதினதுல தப்புன்னு சொல்லிட்டேன் அத்தை."

"தப்பா இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"அப்புறம் என்ன? மாவைப் பாரு, வழியுது."

மாவை வழித்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. நீங்கள் சொன்னது சரி, நல்லவேளை சேர்ப்பதற்கு முன் சொன்னீர்கள், இரண்டாவது முறை நிறுத்திப் பார்க்க எப்படித் தோன்றியது என்று கேட்டிருந்தார். மாவுக் கையோடு சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். குழந்தை அத்தையின் இடுப்பிலிருந்து என்னைப் பார்த்துக் கை கொட்டியது. அதை வாங்கி முத்தம் கொடுத்ததில் அதன் கன்னமெல்லாம் மாவு.

எங்கள் ஊரில் கரண்ட் அப்படித்தான் வரும் என்று அவருக்கு எழுதினேன்.

மாலையில் விளக்கேற்றுவதற்கு முன்பே திருத்திய நிரலை அனுப்பிவிட்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை நிறுத்தினேன். மீதி நான்கு. சரி என்று என் பெயரோடு ஒரு வரியைத் தட்டச்சு செய்தாயிற்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

மூன்று முறை நிறுத்தினால்?

அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, சோதனையை மறுபடி திறந்தேன். மூன்றாவது நிறுத்தத்திலும் மீதி சரியாகவே வந்தது. பிறகுதான் அனுப்பினேன்.