ஒரு கண்ணில் மட்டும் மை

வல்லம் வடகாலில் உள்ள ஒரு தொழிற்சாலையில், பெண்களின் கண்களைச் சோதிப்பது ஒன்பது ஆண்டுகள் என் பணியாக இருந்தது. கைப்பேசிக்குள் பொருத்தும் சின்னஞ்சிறு கேமராக்கள் அங்கே உருவாகின்றன. தூசி புகாத அந்தக் கூடத்திற்குள் செல்பவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடையால் மூடிக்கொள்வார்கள். வெளியே தெரிவன கண்கள் மட்டுமே. பூ, பவுடர், நகப்பூச்சு, கண் மை எதற்கும் அனுமதி இல்லை. மையிலிருந்து உதிரும் ஒரு துகள் போதும், ஒரு கேமரா வீணாகிவிடும். ஆகையால் நான் கூடத்தின் வாயிலில் நின்று, ஈரமான வெள்ளை டிஷ்யூவால் ஒவ்வொருத்தியின் கண்ணுக்குக் கீழும் ஒருமுறை ஒற்றி எடுப்பேன். டிஷ்யூ வெளுப்பாக இருந்தால் உள்ளே போகலாம். கறுப்பு ஒட்டினால் திரும்பிப் போய் முகம் கழுவி வர வேண்டும்.

எட்டாம் வகுப்போடு என் பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. அதன் பிறகு நான் கற்றவை யாவும் நூலகத்தில் நானாக அமர்ந்து கற்றவை. வாயிலில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். சூப்பர்வைசரே ஐயம் எழுந்தால் என்னிடம்தான் கேட்பார். அதில் எனக்கிருந்த பெருமை அளவுக்கு மீறியது. அதை ஒப்புக்கொள்ளாமல் மேற்கொண்டு எழுதுவது முறையாகாது.

ஒரு நாள் காலை ஷிப்டுக்கு, செய்யாறு பக்கத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண் என் முன்னே வந்து நின்றாள். இருபது வயதிருக்கும். முந்தைய மாலை தோழியின் திருமண வரவேற்புக்குப் போய்விட்டு, சரியாக உறங்காமலே வந்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. இமைகளின் மேல் ஓரம் வரைந்தாற்போல் கறுத்திருந்தது. இமை மயிர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிமிர்ந்து நின்றன. கழுவி வா என்று அனுப்பினேன். முகமெல்லாம் நீர் சொட்ட வந்தாள். கண் அப்படியே இருந்தது. மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் அப்படியே வந்தாள்.

“தண்ணியில போவாதும்மா. இது மஸ்காரா, வாட்டர் ப்ரூஃப். எண்ணெய் தொட்டுத் துடைச்சாதான் போவும்” என்றாள்.

நீரில் கரையாத மை ஒன்று உலகில் உண்டு என்பதை நான் அறிந்திருக்கவில்லை. நான் அறிந்ததெல்லாம் டப்பாவில் வரும் கண் மைதான். அது ஈரம் பட்டால் வழிந்துவிடும். இவள் கழிப்பறைக்குப் போய்த் திரும்பவும் தீட்டிக்கொண்டு வந்து என்னைக் கேலி செய்கிறாள் என்று முடிவுகட்டினேன். எண்ணெய் வேண்டுமாம், எண்ணெய்! அந்த வாயிலுக்குள் எண்ணெயைக் கொண்டுவந்தால் என் வேலையே போய்விடும். பின்னால் வரிசையில் நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

வரிசையில் நின்ற மற்றவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, அவள் தாடையைப் பிடித்து நிறுத்தி, நானே தேய்த்தேன். ஒரு டிஷ்யூ, இரண்டு, மூன்று. “எரியுதும்மா, எரியுதும்மா” என்றாள். விடவில்லை. மை முழுவதும் போகவில்லை. இமைதான் தடித்துச் சிவந்தது. கடைசியில் உள்ளே விடாமல், ஷிப்டு முடியும் வரை அவளை வெளியறையில் பெட்டி மடிக்க அனுப்பினேன்.

இதுவரை சொன்னதை அறியாமையில் செய்த பிழை என்று எவரேனும் மன்னிக்கக்கூடும். இனிச் சொல்லப்போவது அத்தகையதன்று.

மாலையில் நான் அமர்ந்திருந்த கம்பெனி பஸ்ஸில் அவளும் ஏறினாள். இரண்டு கண்களும் வீங்கி நீர் வடிந்தன. கேன்டீனில் வேலை பார்த்த, எங்கள் தெருவைச் சேர்ந்த பெண்மணி ஒருத்தி பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னாள்:

“இன்னாடி இது, கண்ணு இப்டி செவந்துகீது? மெட்ராஸ் ஐயா? அய்ய, இந்தாண்ட வராத! பார்த்தாலே ஒட்டிக்கும்டி!”

ஏறிய பெண்களெல்லாம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அவள் போய் அமர்ந்த இருக்கையிலிருந்து பக்கத்திலிருந்தவள் எழுந்துவிட்டாள். முன்னிருக்கையும் பின்னிருக்கையும் காலியாயின. அது மெட்ராஸ் ஐ என்னும் தொற்றுக் கண்நோய் அன்று என்பது அந்த பஸ்ஸில் இருவருக்கு மட்டுமே தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். “அது நோய் இல்லை, நான் தேய்த்தது” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், விதி தெரிந்தவள் என்ற என் பெயர் என்ன ஆகும்? சன்னலுக்கு வெளியே, கார்களை ஏற்றிக்கொண்டு போகும் நீண்ட லாரி ஒன்றைப் பார்த்துக்கொண்டே, நான் இறங்கும் பிள்ளைப்பாக்கம் வரை வந்தேன்.

அறைத் தோழிகள் அவளை உள்ளே சேர்க்கவில்லை என்றும், ஊருக்குப் போய்விட்டாள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அவள் திரும்பி வரவில்லை.

ஆறு ஆண்டுகள் கடந்தன. நான் பணியிலிருந்து நின்றுவிட்டேன். சென்ற ஆவணியில் என் மகளுக்குத் திருமணம் கூடிவந்தது. முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை, குன்றத்தூரில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. அலங்காரத்துக்கு ஒரகடத்திலிருந்து ஒரு பெண்ணை மகளே ஏற்பாடு செய்திருந்தாள். நான் வேறு வேலையாக இருந்துவிட்டு மணமகள் அறைக்குள் நுழைந்தபோது, என் மகளின் கண்ணருகே குனிந்தபடி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“எவ்ளோ வேணா அழுதுக்கோ. இது தண்ணியில போவாது. எண்ணெய் தொட்டுத் துடைச்சாதான் போவும்.”

முகத்தைக் காணும் முன்பே குரலை அறிந்துகொண்டேன். திரும்பிப் போய்விட நினைத்தேன். மகள் பார்த்துவிட்டாள்.

“ம்மா, உக்காரு. நீயும் போட்டுக்கோ. ஒரே ஒரு நாள். வீடியோவுல நீ மட்டும் தூங்கி எழுந்தா மாதிரி தெரிவே.”

“உக்காருங்கம்மா” என்றாள் அவளும். என்னைத் தெரிந்ததாக ஒரு சிறு அசைவும் இல்லை. மாப்பிள்ளையின் அக்கா, “அடுத்து நானு” என்று சொல்லிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

கீழே பார்க்கச் சொன்னாள். மோதிர விரலால் என் இமையை மெல்ல மேலே இழுத்துப் பிடித்து, மூக்கின் ஓரத்திலிருந்து தொடங்கி, இமை மயிரின் வேரை ஒட்டி லைனரால் ஒரு கோடு வரைந்தாள். குளிர்ந்தது. பிறகு மேலே பார்க்கச் சொல்லி, சிறு பிரஷ்ஷை அடியிலிருந்து நெளித்து நெளித்து மேலே கொண்டுபோனாள். சிந்தாமல் இருக்க, என் கண்ணுக்குக் கீழே வெள்ளை டிஷ்யூ ஒன்றை மடித்துப் பிடித்திருந்தாள். ஒன்பது ஆண்டுகள் நான் பிடித்த அதே டிஷ்யூ. அவள் கை என் தோலில் பட்டதே தெரியவில்லை. எத்தனை முகங்களை நான் தொட்டிருக்கிறேன்! ஒருமுறையும் என் கை அப்படி இருந்ததில்லை.

ஒரு கண் முடிந்தது. அப்போது பூத்தட்டோடு உள்ளே வந்தாள், பழைய கேன்டீன் பெண்மணி.

“யக்கா, பூ பத்துமா பாரு...” என்றவள் நின்றுவிட்டாள். “அட, நீயா! யக்கா, இது யாருன்னு தெர்தா? மெட்ராஸ் ஐயோட வந்து பஸ்ஸு ஃபுல்லா ஒட்ட வெச்சிச்சே, அந்தப் பொண்ணு! இதுங்கிட்டயா கல்யாணப் பொண்ணு கண்ணைக் குடுத்தே? ஒரே பிரஷ்ஷுல எல்லாருக்கும் போடுதா இன்னா?”

மாப்பிள்ளையின் அக்கா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள். “அய்யோ, அப்ப எனக்கு வேணாம்” என்றாள். என் மகள் கண்ணாடியில் தன் கண்களையே உற்றுப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அன்று பஸ்ஸில் பார்த்தது போலவே. அவள் பிழைப்பு இந்த அறையிலேயே முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்தது. இந்தச் சேதி இரவு உணவுக்குள் மண்டபத்தையும், நாளைக்குள் ஒரகடத்தையும் சுற்றிவந்துவிடும். தெரிந்தும், சம்பந்தி வீட்டார் முன்னிலையில் என்ன சொல்வது என்று ஒரு கணம் நான் கணக்குப் பார்த்தேன். அந்த ஒரு கணத்தை நினைக்கையில்தான் இன்றும் அதிகம் கூசுகிறேன்.

எழுந்து நின்றேன். ஒரு கண்ணில் மட்டும் மை.

“அது மெட்ராஸ் ஐ இல்ல” என்றேன். “நான் தேச்சது. எண்ணெய் வெச்சாதான் போவும்னு இவ சொன்னா. நான் நம்பல. கண்ணு வீங்கறவரைக்கும் தேச்சேன். பஸ்ஸுல நீ சொன்னப்போ எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல.”

“இன்னாக்கா சொல்றே?”

“எல்லாரையும் தள்ளி உக்கார வெச்சது நீ. அதைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தது நானு.”

“அம்மா, நீயா?” என்று மகள் கேட்ட குரலில், அதுவரை அவள் என்மீது வைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டதை உணர்ந்தேன். கேன்டீன் பெண்மணி தட்டை வைத்துவிட்டு, “எனக்கின்னா தெரியும், கண்ணு செவந்திருந்துச்சி, சொன்னேன்” என்று முனகியபடி வெளியேறினாள்.

“உக்காருங்கம்மா” என்றாள் அந்தப் பெண். “இன்னொரு கண்ணு பாக்கி கீது.”

அமர்ந்தேன். “மன்னிச்சிடும்மா” என்று தொடங்கினேன்.

“பேசாதீங்க. கோடு கோணிக்கும்.”

இரண்டாம் கண்ணையும் முதல் கண்ணைப் போலவே நிதானமாகத் தீட்டினாள். அதன் பிறகு மாப்பிள்ளையின் அக்கா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் புதுப் பிரஷ் ஒன்றை உறை பிரித்து, அவளுக்குக் காட்டிவிட்டுத்தான் தொடங்கினாள். புறப்படும்போது, பஞ்சும் சிறு புட்டியில் தேங்காய் எண்ணெயும் என் கையில் கொடுத்தாள்.

அன்று மேடையில் என் கண்களைப் பாராட்டாதவர் இல்லை. ஒவ்வொரு பாராட்டுக்கும் தலை குனிந்தேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியலில் பஞ்சை எண்ணெயில் நனைத்து இமைமேல் வைத்து, சற்றுப் பொறுத்து இழுத்தேன். இரண்டு இழுப்பில் எல்லாம் வந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது, முகூர்த்த அலங்காரத்துக்காக அவள் பெட்டியோடு படியேறி வந்தாள்.

“எரிஞ்சிச்சா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா.”

“எரியாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.