சேவைக்கு மைக் கிடையாது

அண்ணே.

பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டதே இல்லை. இப்போதும் வாய் வரவில்லை. அண்ணே என்றால் நீ ஒருத்தன்தான் எனக்கு. நீ செத்து இரண்டு மாதம் ஆகிறது. உனக்காக யாரும் செபிக்கக் கூடாது என்று அந்த ஜெபக்கூடத்துப் பாஸ்டர் நம் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அதைக் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள், பிழை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். இனி உன்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லப்போகிறேன். நீ குறுக்கே பேசாதே.

என் அண்ணன் குட்டியானை ஓட்டினான். சின்ன லோடு வண்டிதான், எங்கள் பக்கம் எல்லோரும் அதைக் குட்டியானை என்போம். செட்டிநாட்டில் வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இடிக்கிற வீட்டிலிருந்து தேக்குத் தூண், நிலைக்கதவு, ஆளுயரக் கண்ணாடி, பீங்கான் ஜாடி எல்லாவற்றையும் ஏற்றிக் காரைக்குடியில் பழைய சாமான் கடைகளில் இறக்குவான். ஒரு கீறல் விழாது. கண்ணாடி என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா போன பிறகு அந்த வண்டிதான் எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டது. முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ‘மாதா துணை’ என்று அவனே ஒட்டியிருந்தான்.

நாங்கள் தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். கோயில் திருவிழா பத்து நாளும் அண்ணன் வெளி ஓட்டம் எடுக்க மாட்டான். ஜெனரேட்டர், நாற்காலி, ஊருக்கே போடுகிற அசனச் சாப்பாட்டுக்கு அண்டா, எல்லாம் அவன் வண்டியில்தான் வரும். வாடகை கேட்டதில்லை. டீசலும் அவன் காசு.

கடைசி நாள் காலைப் பூசை முடிந்ததும் உபயம் கொடுத்தவர்கள் பேரை மைக்கில் வாசிப்பார்கள். எங்கள் கோயிலில் மணியடிப்பது, கதவு திறப்பது எல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளைதான் வாசிப்பார். மெழுகுவர்த்தி கொடுத்தவர், பூ கொடுத்தவர், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிய குடும்பம். ட்யூப்லைட் கொடுத்தவர் பேரை லைட்டின் மேலேயே எழுதியிருப்பார்கள், பாதி வெளிச்சம்தான் வரும், அந்தப் பேரையும் மறுபடி மைக்கில் வாசிப்பார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவிழாவில் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மைக் பக்கத்தில் போய் நின்றான். அப்பா இறந்த வருஷம் அது. அவர் பேரையும் சேர்த்து வாசிப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தான். வாசித்து முடித்துப் பேப்பரை மடித்துவிட்டார்கள். என் பேர் விட்டுப்போச்சே என்று கேட்டான். கோயில்பிள்ளை மைக்கை அணைக்காமலே பதில் சொன்னார்.

“பொருளாக் குடுத்தாத்தான்டா உபயம். நீ ஓட்டுனது சேவை. சேவைக்கு மைக் கெடையாது.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு திருப்பி விடப் போய்விட்டான். அம்மா மட்டும் மூன்று நாள் கோயில் பக்கம் தலைகாட்டவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஜெபக்கூடத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி இறக்கப் போனான். முன்பு அரிசி மில்லாக இருந்த இடம். இறக்கி முடித்ததும் பாஸ்டர் அவனை உட்காரவைத்து மோர் கொடுத்து, பேர் கேட்டு, அன்றைக்குக் கூட்டத்தில் மைக்கிலேயே அவன் பேரைச் சொல்லி, இந்தச் சகோதரனின் கையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக என்றாராம். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவே இல்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மறுவாரம் என்னையும் கூட்டிப்போனான். நாங்கள் செபம் என்போம். அங்கே ஜெபம். ஒரே மாதத்தில் அண்ணன் வாயிலும் ஜெபம் வந்துவிட்டது.

அங்கே எல்லாம் வாய்தான். இல்லை என்று சொல்லக் கூடாது. முடியவில்லை, வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. சொன்னால் அது அப்படியே பலித்துவிடுமாம். யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் ‘ஆசீர்வாதமா இருக்கேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஏழையாக இருப்பது தேவபிள்ளைக்கு அவமானம் என்று பாஸ்டர் சொல்லுவார். காணிக்கையை விதைத்தால் நூறாக அறுக்கலாம் என்பார். அவருடைய வெள்ளைக் காரைக் காட்டி, விதைத்தேன், அறுத்தேன் என்பார். அவர் விதைத்ததை நான் பார்க்கவில்லை. அறுத்ததைப் பார்த்தேன். எங்கள் வயலில் அறுத்தார்.

பைபிளில் மதில் விழ ஏழு நாள் சுற்றி நடந்த கதை இருக்கிறது இல்லையா, அதைச் சொல்லி, உங்களுக்கு வேண்டியதைச் சுற்றி நடங்கள் என்றார். வேறு ஊர்க்காரர்கள் எதைச் சுற்றுவார்களோ தெரியாது. எங்கள் ஊர்ப்பக்கம் சுற்றுவதற்கு என்ன இருக்கிறது? கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய செட்டிவீடு, முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அண்ணனும் கூடத்து ஆட்கள் மூன்று பேரும் தினமும் விடியற்காலை அந்த வீட்டைச் சுற்றினார்கள். நான்காம் நாள் வாட்ச்மேன் கம்போடு வந்து மறித்திருக்கிறார். திருட நோட்டம் பார்க்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ஜெபம் பண்ணுகிறோம், இந்த வீடு எங்களுக்கு வர வேண்டும் என்று ஒருத்தர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

“இந்த வீட்டுக்கு அறுவத்தி நாலு பங்காளி இருக்காக. அவுகளுக்கே வரமாட்டேங்குது. நீங்க கடைசியில போயி வரிசையில நில்லுங்க.”

இதை அண்ணன் வீட்டில் வந்து சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். உடனே அவன் சிரிப்பு நின்றுவிட்டது. சிரிக்காதே, அது அவிசுவாசம் என்று என்னை அதட்டினான். மிச்ச மூன்று நாளும் சுற்றிவிட்டுத்தான் விட்டான்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு ரொம்பப் பிரியமானது எதுவோ அதை விதையுங்கள், சில்லறையை விதைத்தால் சில்லறைதான் முளைக்கும் என்று பாஸ்டர் பேசினார். அண்ணன் எழுந்து முன்னால் போனான். காணிக்கைத் தட்டில் வண்டிச் சாவியைப் போட்டான், கூடவே வேண்டுதல் எழுதின ஒரு துண்டுக் காகிதம். பாஸ்டர் அதை மைக்கில் வாசித்தார். முதலில் அவன் பேரை மூன்று தடவை. பிறகு, தங்கச்சி கல்யாணம்.

கூடமே கைதட்டியது. நானும் தட்டினேன். இதை மறைக்க மாட்டேன். உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினேன். யாரோ ஒரு மாப்பிள்ளை வருகிற மாதிரிகூட நினைத்துக்கொண்டேன். எந்த மாப்பிள்ளையும் வரவில்லை. அடுத்த வாரம் வண்டி ஜெபக்கூடத்துப் பேருக்கு மாறியது. கண்ணாடியில் மாதாவை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்தார்கள். கொஞ்ச நாள் ‘துணை’ மட்டும் தனியாக நின்றது. அப்புறம் முன்னால் ‘கர்த்தர்’ என்று ஒட்டினார்கள்.

நான் காரைக்குடியில் ஒரு ஆச்சி வீட்டில் பலகாரம் சுடுகிற வேலை பார்க்கிறேன். தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, வெளியூருக்கெல்லாம் போகும். ஆச்சிக்கு விஷயம் தெரிந்ததும் அடுப்படியில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“ஏன்டி, வண்டிய உங்க சாமிக்குக் குடுத்துப்புட்டானாமே உங்கண்ணே. சாமிக்கு லைசென்ஸ் இருக்கா?”

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆச்சி மேல் வந்தது. பாஸ்டர் மேல் வரவில்லை. அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

வண்டி இல்லாத அண்ணன் அதே கடைகளில் லோடுமேனாகப் போனான். தன் வண்டியில் ஏற்றின மாதிரித் தூண்களை அடுத்தவன் வண்டியிலிருந்து தோளில் வாங்கி இறக்கினான். இளைத்தான். மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினான். அம்மா கேட்டால் ஆசீர்வாதமா இருக்கேன். நான் கேட்டால் ஆசீர்வாதமா இருக்கேன். நூறாகத் திரும்பி வரும் என்று தினமும் தேதி பார்த்துக்கொண்டிருந்தான்.

சாகிற அன்று ஆச்சி வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்க வந்தான். இரண்டு மூட்டை இறக்கிவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. இடது கையை நீவிக்கொண்டே இருந்தான்.

“என்னப்பா, மூஞ்சி இப்புடி வெளுத்துக் கெடக்கு. நெஞ்சு எதும் வலிக்குதா?” என்று ஆச்சி கேட்டார்.

“ஆசீர்வாதமா இருக்கேன் ஆச்சி.”

ஆச்சி என் பக்கம் திரும்பினார். “இவன் என்னடி உளறுறான். அடுப்ப விட்டுட்டுக் கூட்டிக்கிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டு.”

நான் தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான். வலிக்கிறது என்று நான் சொல்லிவிடக் கூடாது என்று பார்த்தானா, சொல்ல வேண்டும் என்று பார்த்தானா, எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆச்சி. அண்ணே நல்லாத்தான் இருக்கு.”

நான் சொன்னது அதுதான். மத்தியானம் கடை குடோனில், இறக்கி வைத்த தூணில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

மறுநாள் பாஸ்டர் வெள்ளைக் காரில் வந்தார். பின்னாலேயே குட்டியானை வந்தது, துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார ஜெபக்கூடத்து நாற்காலிகளோடு. அம்மா அதைப் பார்த்ததும் எழுந்து போய் பாஸ்டர் முன்னால் நின்றாள். வண்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. காரைக் கேட்கவில்லை.

“அய்யா, ஒண்ணே ஒண்ணுதான். கல்லறைக்கு மட்டும் அவன் வண்டியில கொண்டு போய்க்கிறோம். அப்பறம் நீங்களே வச்சுக்கங்க.”

“அது அபிஷேகம் பண்ணுன வண்டிம்மா. அதுல பிரேதம் ஏத்தக் கூடாது. சாயங்காலம் கூட்டம் வேற இருக்கு.”

அதோடு விட்டாரா? வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இந்தச் சகோதரன் விசுவாசத்தில் எங்குட்டோ ஓட்டை இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் விதைத்தவன் இப்படி அறுக்காமல் போவானா என்றார். செத்தவர்களுக்காக ஜெபிப்பது பிரயோசனமில்லாத வேலை, யாரும் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான் போய் வண்டியின் முன்பக்கத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். நான் தள்ளிக்கொண்டேன்.

அண்ணன் கோயிலை விட்டுப் போனவன், கல்லறையில் இடம் கொடுப்பார்களா என்று அம்மா பயந்துகொண்டே இருந்தாள். ஃபாதர் கொடுக்கச் சொல்லிவிட்டார். கோயில் சவ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது அந்தக் கோயில்பிள்ளைதான். செருப்பில்லாமல், வெயிலில், கல்லறை வரைக்கும் அவரே தள்ளினார். நல்ல மனுஷன் என்று அம்மா சொன்னாள். எனக்கு மனசு இளகவில்லை. அன்றைக்கு ஒரு பேரை வாசித்திருந்தால் இன்றைக்கு இதைத் தள்ள வேண்டியிருக்காது. மண் போட்ட பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“முப்பதாம் நாள் பூசைக்கு முழுப்பேரு சொல்லுத்தா. காணிக்கை அப்பறம் பாத்துக்கலாம். மைக்குல வாசிச்சுருவோம்.”

“என்னத்தக் குடுத்தான்னு வாசிப்பீக?” என்று கேட்டேன்.

அந்தத் திருவிழா அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும், தலையைக் குனிந்துகொண்டார். நான் பேர் கொடுக்கவில்லை. முப்பதாம் நாள் பேர் வாசிக்காமலே பூசை நடந்தது. அம்மாவுக்கு என் மேல் வருத்தம்தான்.

அண்ணே, உன் பேரை மைக்கில் கேட்க ஆசைப்பட்டுத்தான் நீ போனாய். அதைக் கேட்கவைத்துத்தான் உன்னிடம் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். இனி எந்த மைக்கிலும் அது வர வேண்டாம். இந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. உனக்கு வலித்தது. ஒன்றுமில்லை என்று நான் சொல்லிவிட்டேன். இப்போது சொல்கிறேன், என் அண்ணனுக்கு வலித்தது.

இதைப் படிக்கிறவர்களே, ஆச்சி தன் வீட்டுப் பிள்ளையார் முன்னால் நின்று, குட்டியானை ஓட்டுன பையன், பாத்துக்கப்பா என்று சொல்லிவிட்டு வந்தார். பேர் சொல்லவில்லை. அது போதும். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, கூடத்துக்குப் போகிறவர்களோ, எங்குமே போகாதவர்களோ, எனக்கு அது வேண்டாம். காணிக்கை போடாதீர்கள், சத்தமாகச் சொல்லாதீர்கள். கீறல் விழாமல் கண்ணாடி இறக்கின என் அண்ணனுக்காக ஒரே ஒரு தடவை, வாய்க்குள்ளேயே, எல்லோரும் செபித்துக்கொள்ளுங்கள்.